வாடையும் கச்சானும்: கல்முனைக் கரையின் மீன்பிடிக் காலங்கள்



மட்டக்களப்பு என்ற பெயரைக் கேட்டதும் பாடும் மீனை நினைப்பது வெளியூரார் வழக்கம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராகப் பதவி வகித்த சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ற், மட்டக்களப்பு வாவியில் இரவு வேளையில் தாம் கேட்ட இன்னொலியை 1859இல் வெளிவந்த தமது நூலில் வியந்து எழுதினார். அன்று முதல் அந்த மீனின் புகழ் குன்றவில்லை. ஆனால் அந்நாட்டு மக்களின் அடுப்பை எரியச் செய்தவை பாடாத மீன்கள். சூடையும் கீரியும் நெத்தலியும், பாரையும் சூரையும் அறக்குளாவும் கரைக்கு வந்த நாளில் ஊர் உண்டது. வராத நாளில் கடன் வாங்கியது. அந்த மீன்களை நம்பி வாழ்ந்த ஒரு கரையின் கதையையே இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கமிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 35 மைல் நீண்டு கல்முனையின் பின்புறத்தில் வந்து முடிகின்றது. அவ்விடந்தொட்டுத் தெற்கே மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை முஸ்லிம்கள் வாழும் ஊர்கள். இடையிடையே காரைதீவு போன்ற தமிழூர்களும் உள. சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்த ஊர் காரைதீவே. 1961ஆம் ஆண்டு அம்பாறை தனி மாவட்டமாகும் வரையில் இப்பகுதி முழுவதும் மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது.

இவ்வூர்களின் அமைப்பைக் கூர்ந்து நோக்கல் வேண்டும். வடக்குத் தெற்காக ஒரு பெருந்தெரு ஓடுகின்றது. தெருவுக்குக் கிழக்கே சிறிது தூரம் நடந்தால் கடல். மேற்கே சிறிது தூரம் நடந்தால் வயல். பண்டைத் தமிழ் இலக்கணம் நெய்தல் என்றும் மருதம் என்றும் பிரித்துக் கூறிய இரு நிலங்களும் இங்கே ஒரே ஒழுங்கையின் இரு முனைகளாய் அமைந்துவிட்டன. வலைகாரனும் வயற்காரனும் ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுபவர்கள். பல குடும்பங்களில் அவர்கள் அண்ணனும் தம்பியும் ஆவர்.

இந்த அமைப்புக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. கிழக்குக் கரையில் முஸ்லிம் வணிகரும் கடலோடிகளும் முன்பே வந்து தங்கியிருந்தனர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட மேற்குக் கரையிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்குப் புகலிடம் அளித்தான். அவர்களுள் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியாராகிய குவேறோஸ் எழுதியுள்ளார். அரசன் வேண்டியது நிலத்தைப் பண்படுத்தும் கைகளும் கரையைக் காக்கும் கைகளும். ஆகவே கலப்பையும் தோணியும் இம்மக்களின் வாழ்வில் உடன்பிறந்தவை போலாயின. இவர்கள் பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொருவராக அமரும் தலைவரை மரைக்கார் என அழைப்பர். அப்பெயரை மரக்கலத்தோடு தொடர்புபடுத்திக் கூறுவாரும் உளர்.

இனி இக்கரையை ஆளும் காற்றுக்களைப் பார்ப்போம். இலங்கையில் இரு பருவக்காற்றுக்கள் வீசுகின்றன. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசுவது தென்மேற்குக் காற்று. அது நீர்கொழும்பு, காலி முதலிய மேற்கு, தெற்குக் கரைகளில் மழையையும் பேரலையையும் கொண்டுவந்து மோதும். நடுவிலுள்ள மலைநாடு அதன் ஈரத்தைப் பறித்துக்கொள்ளும். மலையைக் கடந்து கீழிறங்கும் காற்று வறண்டு, வெம்மையுற்று, நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். இதனையே கிழக்கு மாகாணத்தார் கச்சான் என்பர். கச்சான் வீசுங்கால் வயல் வெடிக்கும், முகம் காயும், ஆயினும் கடல் தட்டையாகக் கிடக்கும். நிலமே அதற்கு அணையாக நிற்கின்றதன்றோ?

ஐப்பசி பிறந்ததும் நிலைமை தலைகீழாகும். வடகீழ்ப் பருவக்காற்றாகிய வாடை வங்காள விரிகுடாவின் பரப்பெல்லாம் கடந்து வந்து இக்கரையில் நேரே மோதும். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் அலை கரையை உடைக்கும். ஆண்டு மழையின் பெரும்பகுதி இக்காலத்திலேயே பெய்துவிடும். கல்முனைக்கும் அறுகம்குடாவுக்கும் இடையே தோணி ஒதுங்குவதற்கு இயற்கைத் துறைமுகம் ஒன்றுமில்லை. திறந்த கடல், நேரான மணற்கரை, அவ்வளவே. ஆகையால் வாடைக்காலத்தில் தோணிகளை மேட்டில் ஏற்றி, தென்னை மரத்திற் கட்டிவைத்துவிட்டு மீனவன் கரையிலிருப்பான். மேற்கே கடல் மூடும்போது கிழக்கே கடல் திறக்கும். கிழக்கே மூடும்போது மேற்கே திறக்கும். இதனாலேயே நீர்கொழும்பு, சிலாபம் முதலிய இடங்களின் மீனவர் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தம் கலங்களோடு கிழக்குக் கரையின் பல பகுதிகளுக்கு வந்து வாடி அமைத்துத் தங்கி, காற்று மாறியதும் திரும்பிச் செல்லும் வழக்கம் நெடுநாளாக இருந்து வந்தது.

கடல் திறந்த காலத்தில் இக்கரையின் தலையாய தொழில் கரைவலை. அதன் முறை அறியாத நேயர்களுக்காகச் சிறிது விளக்குவோம். கயிற்றின் ஒரு முனையைக் கரையிலுள்ளாரிடம் கொடுத்துவிட்டுத் தோணி கடலுக்குள் ஓடும். சென்று, பிறை வடிவாக வலையை வளைத்து இறக்கி, மறு கயிற்றோடு சற்றுத் தொலைவில் கரை சேரும். பின்னர் இரு முனைகளிலும் இரு கூட்டத்தார் நின்று இழுப்பர். இழுக்க இழுக்க இரு கூட்டமும் ஒன்றையொன்று நெருங்கும். வலையின் நடுவே பை போன்று அமைந்த பகுதிக்கு மடி என்று பெயர். மீனெல்லாம் கடைசியில் மடிக்குள் அடைபடும். முப்பது நாற்பது பேர் கூடி இழுக்கும் வேலை இது. மூச்சும் அடியும் ஒன்றுபடுவதற்காக அம்பாப் பாட்டு எழும். ஒருவர் முதலடி எடுக்க மற்றவர் ஏற்றுப் பாடுவர். தோணியை நடத்துபவர் தண்டயல். அவர் நீரின் நிறம் மாறுவதையும் கடற்பறவைகள் வட்டமிடுவதையும் கண்டு மீன் கூட்டம் எங்கே, எத்திசையிற் செல்கின்றது என்று கூற வல்லவர்.

நைலோன் வருவதற்கு முன் வலையின் நடுப்பகுதி பருத்தி நூலாலும் கைகளும் கயிறுகளும் தென்னந்தும்பாலும் ஆனவை. தும்பு எடுக்கத் தேங்காய் மட்டையை ஊறவைப்பது வாவியிலும் நீர்நிலைகளிலும். அதைத் தட்டிப் பிரித்துக் கயிறாகத் திரித்தவர் பெரும்பாலும் பெண்கள். பருத்தி வலை உவர்நீரில் அழுகாதிருக்க மரப்பட்டை அவித்த சாயத்தில் அடிக்கடி தோய்த்துக் காயவைப்பர். ஆகவே ஒரு வலை கடலில் இறங்குமுன் தென்னந்தோட்டமும், வாவியும், காடும், வீட்டுப் பெண்களின் கையும் அதிற் கலந்திருந்தன.

கரைவலைக்குக் கடலைப் போலவே கரையும் இன்றியமையாதது. வலை இழுப்பதற்குரிய கரைத்துண்டைப் பாடு என்பர். கல்லற்ற, சரிவு சீரான, அகன்ற மணற்பரப்பே நல்ல பாடு. ஒரே பாட்டில் வலைகள் பலவானால் இன்று இவருக்கு, நாளை அவருக்கு என முறைவைத்து இறக்குவர். வயலில் நீர்முறை எப்படியோ அப்படியே கரையில் வலைமுறை. ஆயினும் முறை தவறும் இடங்களில் பூசல் எழுந்ததுண்டு. 1940ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மீன்பிடிச் சட்டம் இத்தகைய பூசல்களை விசாரித்துத் தீர்க்கவும் விதிகள் வகுக்கவும் அரசுக்கு வழிசெய்தது. அதற்கு மறு ஆண்டு, 1941இல், கடற்றொழிலுக்கெனத் தனித் திணைக்களம் தோன்றிற்று. ஆக, ஊரார் வாய்மொழியாகக் காத்த ஒழுங்குக்குப் பின்னரே சட்டம் வந்தது என்பதை மறத்தலாகாது.

கடல் மூடிய மாதங்களில் மீனவன் என்ன செய்தான் என்ற வினாவே இக்கரையின் வரலாற்றுக்குத் திறவுகோல். ஐப்பசி, கார்த்திகையிற் பெரும்போகத்துக்கு விதைப்பு நடைபெறும். மாசி, பங்குனியில் அறுவடை. கடல் மூடும்போது வயல் ஆளைத் தேடும். கரைவலை இழுத்த தோள் வரம்பு கட்டப் போகும். மற்றொரு பங்கினர் வாவியையும் களப்புக்களையும் நாடுவர். மழைவெள்ளம் நிறைந்து, மணல்மேடு உடைந்து அல்லது வெட்டப்பட்டு, முகத்துவாரம் திறக்குங்கால் இறாலும் மணலை மீனும் கடலுக்கும் களப்புக்கும் இடையே போய்வரும். வீச்சுவலைக்கு அதுவே திருநாள். அம்முகத்துவாரத்தை எப்பொழுது வெட்டுவது என்பதில் வயற்காரனுக்கும் வலைகாரனுக்கும் கருத்து மாறுபடுவதுண்டு. ஒருவன் பயிர் மூழ்காமல் வெள்ளம் விரைந்து வடியவேண்டும் என்பான். மற்றவன் களப்பு மீன் காலமல்லாக் காலத்திற் கடலோடு போய்விடும் என்பான்.

வயலும் வாவியும் கைகொடுக்காத குடும்பத்துக்கு எஞ்சியது முற்பணம். வலைச் சொந்தக்காரரான முதலாளி மாரி மாதங்களில் அரிசிக்கும் துணிக்கும் பணம் கொடுப்பார். அதைப் பெற்றவன் அடுத்த பருவத்தில் அவர் வலையையே இழுக்கக் கடமைப்பட்டவனாவான். இதனை அறம் என்பாரும் உளர், தளை என்பாரும் உளர். இரண்டும் உண்மையே. பசித்த மாதத்தில் அது சோறு. மீன் மலிந்த மாதத்தில் அது பங்கைக் குறைக்கும் கணக்கு. மூன்று மாதக் கடன் ஒன்பது மாத உழைப்பைக் கட்டியாண்ட கதை இதுவாகும்.

பனிக்கட்டி இல்லாத காலத்தில், மிகுந்த மீனெல்லாம் உப்பிட்டுக் கருவாடாயிற்று. முஸ்லிம் வணிகர் அதனையும் உப்பையும் எருதுகளின் முதுகிலேற்றி ஊவாப் பகுதிக்கும் கண்டி நாட்டுக்கும் சென்றனர். இப்பொதியெருதுக் கூட்டத்துக்குத் தவளம் என்று பெயர். போகும்போது உப்பும் கருவாடும். திரும்பும்போது மலைநாட்டு விளைபொருள்கள். கடலைக் காணாத சிங்கள ஊர்களுக்கும் இக்கரைக்கும் இடையே பகையற்ற உறவை வளர்த்ததில் அந்த எருதுகளுக்கும் பங்குண்டு.

இம்மக்கள் நாட்களை எண்ணும் முறையும் சுவையானது. சமயக் கடமைகளுக்கு அவர்கள் கொள்வது ஹிஜ்ரி ஆண்டு. அது பிறையைக் கொண்டு கணிப்பது. சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைந்தது. ஆதலால் நோன்பு மாதம் ஒருகால் கச்சானில் வரும், பிறிதொருகால் வாடையில் வரும்; ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடும். காற்றோ பிறையைப் பார்ப்பதில்லை. அது சூரியனைப் பின்பற்றுவது. எனவே கடலுக்கும் வயலுக்கும் சித்திரை, வைகாசி என்னும் தமிழ் மாதங்களையே முஸ்லிம் மீனவரும் உழவரும் கைக்கொண்டனர். இருட்டு இரவுகளை அறியப் பிறை உதவிற்று. நிலவில்லாத இரவிலே மீன் வலையைக் காணாது என்பது மிதவை வலைகாரர் கண்ட உண்மை. ஆக இரு நாட்காட்டிகளும் ஒரே தோணியில் பயணம் செய்தன. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காகக் கடலுக்கு ஓய்வு கொடுப்பதும் இக்கரையின் வழக்கம்.

கல்முனையிற் கடலோரத்தே கடற்கரைப் பள்ளி ஒன்றுண்டு. நாகூரில் அடங்கிய ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக எழுந்த தலம் அது. நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலை அம்மகான் காத்தார் என்னும் கதை கடலோடிகளிடையே நெடுங்காலமாக வழங்குவது. ஆண்டுதோறும் அங்கே கொடியேற்றம் நிகழும். மீனவரும் வயற்காரரும் கூடுவர். அந்தக் கொடி நிற்குமிடம் மணற்கரை என்பதை மனத்திற் கொள்ளுங்கள்.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்பழைய ஒழுங்கு அசையத் தொடங்கிற்று. முதலில் அசைந்தது வயற்பக்கம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இங்கினியாகலையிற் பெரும் நீர்த்தேக்கத்தை எழுப்பிற்று. அதன் நீர் பாய்ந்த வயல்களிற் சிறுபோகமும் நிச்சயமாயிற்று. சிறுபோகம் நடைபெறுவதோ கடல் திறந்திருக்கும் மாதங்களில். முன்பு வயலும் கடலும் ஆளை மாறி மாறி அழைத்தன. இப்போது ஒரே காலத்தில் அழைக்கலாயின. உழவனும் மீனவனும் வேறுவேறு ஆட்களாகப் பிரிந்து செல்வதற்கு இதுவும் ஒரு காரணமாயிருத்தல் கூடும்.

அடுத்து அசைந்தது கடற்பக்கம். 1950களின் பிற்பகுதியிலிருந்து அரசு இயந்திரப் படகுகளுக்கு ஊக்கமளித்தது. நைலோன் வலை பருத்தி வலையை ஓட்டிற்று. மரப்பட்டைச் சாயத்துக்கு வேலையில்லாது போயிற்று. 1964இல் மீன்பிடிக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. பின்னர் நார்க்கண்ணாடிப் படகும் வெளியிணைப்பு இயந்திரமும் வந்தன. 1980களுக்குப் பின் நாட்கணக்கில் ஆழ்கடலிலே தங்கும் பெரும் படகுகள் பெருகின. அவை வாடைக்கு முன்போல அஞ்சுவனவல்ல. ஆனால் தோணியைப் போல மணலில் இழுத்தேற்ற அவற்றால் இயலாது. துறைமுகம் வேண்டும் என்ற குரல் அன்றே உரத்து எழுந்தது.

இவ்வளர்ச்சிக்கிடையே துன்பங்களும் வந்தன. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி தென்னைகளை முறித்து, தோணிகளைச் சிதைத்தது. 1983 முதல் 2009 வரை நீடித்த போர், இரவுக் கடலையும் ஆழ்கடலையும் பல காலம் மீனவனுக்கு மூடி வைத்தது. வாடை மூடிய கடல் மாசியில் திறக்கும் என்று நம்பலாம். துப்பாக்கி மூடிய கடல் எப்போது திறக்கும் என்று எவரால் கூற முடியும்?

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, காலையில், கடற்கோள் வந்தது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. மாண்டோர் 10,000 பேருக்கும் மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோர வீதிகள் தரைமட்டமாயின. அது மார்கழி மாதம். முன்னோர் வகுத்த பழக்கப்படி கரையேற்றிய தோணிகளும் வாடிகளில் அடுக்கிய வலைகளும் நீரின் வழியிலேயே இருந்தன. எந்த மாதத்தில் கடலைவிட்டு விலகிக் கரையிலிருத்தலே காப்பு என்று தலைமுறை தலைமுறையாக நம்பினார்களோ, அந்த மாதத்திலேயே கரை அவர்களைக் கைவிட்டது.

அதன்பின் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என அரசு விதித்தது. அவ்விதி பின்னர்த் தளர்த்தப்பட்டது. ஆயினும் பல குடும்பங்கள் உட்பகுதியில், வயலை நிரப்பிய நிலங்களிற் குடியேறின. ஒருபுறம் கடலும் மறுபுறம் வயலும் நெருக்கும் இவ்வூர்களில் வேறு நிலம் ஏது? காற்றின் நிறத்தையும் அலையின் ஒலியையும் முற்றத்திலிருந்தே கணித்தவன் கடலைக் காண இப்போது வண்டியேறி வரவேண்டியதாயிற்று.

நெடுநாள் கேட்ட துறைமுகமும் ஒருநாள் கிடைத்தது. 1990களில் துறைமுக அமைச்சராயிருந்த எம். எச். எம். அஷ்ரப் ஒலுவிலிலே துறைமுகம் அமையவேண்டுமெனக் கனவு கண்டார். அவர் 2000ஆம் ஆண்டு மறைந்தார். 2008இற் கட்டுமானம் தொடங்கி, டென்மார்க்கின் கடனுதவியோடு நிறைவேறி, 2013இல் துறைமுகம் திறந்துவைக்கப்பட்டது. ஆனால் இக்கரையின் மணல் ஓரிடத்தில் நிற்பதன்று. அலையின் சாய்வினால் அது ஆண்டு முழுவதும் கரையோரமாக நகர்ந்துகொண்டேயிருக்கும். கூட்டிக் கழித்தால் அதன் ஓட்டம் வடக்கு நோக்கியது. கடலுக்குள் நீட்டிய அலைதடுப்புச் சுவர்கள் அவ்வோட்டத்தை மறித்தன. துறைமுக வாயிலில் மணல் அடைத்தது. படகுகள் நுழையத் தடுமாறின. வரவேண்டிய மணல் வராமையால் வடக்கே ஒலுவிலின் ஒரு பகுதியையும் நிந்தவூரையும் கடல் அரித்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன, தோணி ஏற்றும் மேடு குறுகிற்று, பாடுகள் மறைந்தன. ஆழ்கடற் படகுக்காரர் வாயிலைத் தோண்டவேண்டும் என்றனர். கரைவலைக்காரரும் கரையோர மக்களும் எம் கரையைக் காக்கவேண்டும் என்றனர். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தமையே துயரம்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? பருவம் மாறுவது இக்கரைக்குப் புதிதன்று. கடல் மூடுவதும் திறப்பதும், மீன் வருவதும் மறைவதும் இம்மக்கள் கணக்கிற் சேர்த்துவிட்ட செய்திகள். அதற்காக வயலோடு உறவு வைத்தனர், வாவியோடு உறவு வைத்தனர், கடனைக்கூட ஏற்றுக்கொண்டனர். இத்தனைக்கும் அடிப்படையாக மாறாதிருந்தது மணற்கரை ஒன்றே. அதுவே வலை இழுக்கும் களம், தோணி உறங்கும் கொட்டில், கருவாடு காயும் முற்றம், கொடி ஏறும் திடல். பெருந்திட்டம் தீட்டுவோர் கடலின் ஆழத்தை அளந்தனர். நகரும் மணலின் கணக்கை அதே அக்கறையோடு நோக்கவில்லை. கரைவலை இழுத்த முதிய தண்டயலிடம் எந்த மாதத்தில் மணல் எத்திசை ஓடும் என்று கேட்டிருந்தால், அவர் தம் பாட்டின் மீது நின்று கைநீட்டிக் காட்டியிருப்பார்.

கரையை நிலமளப்பவரின் வரைபடத்தில் ஒரு கோடாகக் கருதுதல் தகாது. அதனை ஒரு தொழிலின் நிலமாக, வயலுக்கு ஈடான சொத்தாக மதித்தல் வேண்டும். வயலை மேடாக்க எத்தனை யோசனை செய்கின்றோமோ, அத்தனை யோசனை கரையிற் கல்லடுக்கும் முன்னும் செய்தல் வேண்டும். வாடை இனியும் வரும். அதன்பின் கச்சானும் வரும். கடல் திறக்கும் அந்நாளில் வலையை இழுத்து நிற்பதற்கு ஓர் அடி மணல் எஞ்சியிருக்கவேண்டுமென்பதே கல்முனைக் கரை கேட்கும் நீதியாகும்.